கொற்கையில் இறங்கினால் கடலைக் காணோம்

என் தங்கை மகன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இரவு எட்டு மணிக்கு மேல் பாளையங்கோட்டை வீட்டு மாடியிலிருந்து அவன் குரல் இறங்கி வரும். சேரர் துறைமுகம் முசிறி, சோழர் துறைமுகம் புகார், பாண்டியர் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கலக்குமிடம் மன்னார் வளைகுடா. முத்து தருவது சிப்பி. வ.உ.சி. பிறந்தது ஒட்டப்பிடாரம். மூச்சு விடாமல் ஒப்பிப்பான். வரலாறு, புவியியல், உயிரியல், அரசியல் என்று அவனுடைய வழிகாட்டி நூலில் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. அவன் தலைக்குள்ளும் அவை தனித்தனி அறையில்தான் குடியிருந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொற்கைக்கே கூட்டிக்கொண்டு போனேன். ஏரலில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அவன் சுற்றிலும் பார்த்தான். வாழை. நெல். பெரிய குளம் ஒன்று, அங்கே ஓர் அம்மன் கோயில். இரண்டாயிரம் ஆண்டு வயது என்று ஊரார் சொல்லும் வன்னி மரம். "கடல் எங்கே மாமா?" என்றான்.

கடல் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. உப்புக்காற்று கூட வரவில்லை. தேர்வுத் தாளில் ஒன்றரை மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் ஒரு விடையைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே எத்தனை பாடங்கள் வருகின்றன என்று அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்வி ஒன்றே ஒன்று: பாண்டியரின் துறைமுகத்தைக் கடல் ஏன் விட்டுப் போனது?

ஆறு சுமக்கும் மண்

கடலாகப் போகவில்லை. தாமிரபரணிதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டது. ஓர் ஆறு கடலைத் தள்ள முடியுமா என்றால், முடியும். தண்ணீரால் அன்று, தண்ணீர் சுமந்து வரும் மண்ணால்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் வரை தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். காவிரியோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளை. ஆனால் இரண்டு பருவமழையும் வாய்த்த ஆறு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே கேரளத்தில் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி மிச்சத்தை இங்கே தூவும்; குற்றாலச் சாரல் அந்த மிச்சம்தான். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வந்து அதே மலையில் மோதும். சமவெளியில் மழை குறைவு. மானாவாரிக் கரிசலும் தேரிக்காட்டுச் செம்மணலும் அதற்குச் சாட்சி. மலைக்கு மட்டும் ஆண்டில் இரண்டு முறை நனைதல். ஆற்றுக்கு 'வற்றாத' என்ற அடைமொழி வந்த காரணம் இதுதான்.

மலையில் பெய்யும் மழை பாறையை அரிக்கும். அரித்ததை ஆறு சுமக்கும். எவ்வளவு பெரியதைச் சுமக்கும் என்பதை முடிவு செய்வது ஓட்டத்தின் வேகம். இதைப் படிக்கப் புத்தகம் வேண்டாம். ஆற்றோரமாக மூன்று இடத்தில் இறங்கிக் காலை வைத்தால் போதும். பாபநாசத்தில் பாறையும் உருண்டைக் கல்லும் உள்ளங்காலைக் குத்தும். அங்கே சரிவு அதிகம், வேகம் அதிகம். சிறியதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட, பெரியது மட்டும் தங்கியிருக்கிறது. திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் காலடியில் நறநறவென்று மணல். ஏரலுக்குக் கிழக்கே இறங்கினால் கால் வழுக்கும், வண்டலும் களியும். சரிவு குறையக் குறைய ஆறு தன் சுமையைக் கனத்த வரிசையில் இறக்கி வைத்துக்கொண்டே போகிறது. சந்தைக்குப் போகும் சுமைகாரர் முதலில் அரிசி மூட்டையை இறக்குவார். பஞ்சுப் பொதி கடைசிவரை தலையில் இருக்கும்.

பஞ்சுப் பொதி என்று நான் சொல்வது களிமண் துகள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. அசையாத தண்ணீரில்கூட அது எளிதில் அடியில் படியாது. காரணம், ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஒரே ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். சேர்ந்தால்தானே கனக்கும், கனத்தால்தானே மூழ்கும்? கடலைத் தொட்டவுடன் நிலைமை மாறுகிறது. உப்பில் இருக்கும் நேர் மின்னேற்ற அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளுமுள்ளை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டிக்கொள்ளும், திரளும், மூழ்கும்.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்தச் சங்கதி தெரியும். கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடுகிறதே, அங்கே நடப்பதும் ஏறத்தாழ இதுவே. தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் உரசுவதும் கலங்கலைத் திரளச் செய்யத்தான். ஆற்றின் வாயில் கடல் என்பது தீராத ஒரு படிகாரக் கட்டி.

ஆக, ஆறு முகத்துவாரத்தை அடையும்போது இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது. வேகம் செத்துப்போகிறது, மணல் விழுகிறது. உப்பு கலக்கிறது, களி விழுகிறது. விழுந்த மண்ணைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டால் கரை அப்படியே இருக்கும். மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில் கடல்நீர் ஏறும் ஓதத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. கிழக்கே இலங்கை ஒரு மதில்போல் மறைத்து நிற்கிறது. ஆற்று வாயைத் தினமும் இருமுறை கழுவிவிடும் வலுவான ஓதம் இங்கே இல்லை. போட்ட மண் போட்ட இடத்திலேயே பெரும்பாலும் தங்கும்.

தங்கிய மணலை அலை கரைக்கு இணையாக இழுத்து ஒரு நீண்ட திட்டாகக் கட்டும். திட்டுக்கும் பழைய கரைக்கும் நடுவே ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு ஒன்று சிக்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் காயல். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று வரிசையாக ஊர்ப்பெயர்கள் இருப்பதன் பொருள் இதுதான். பெயர் வைத்தவர்கள் கண்ணுக்கு எதிரே தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காயல் கொஞ்சம் மேடாகும். கோரை முளைக்கும். உப்பளமாகும். நல்ல தண்ணீர் பாய்ந்து உப்பு கழுவப்பட்டால் ஒரு நாள் வயலாகும். கொற்கையில் நாங்கள் பார்த்த வாழைத்தோட்டம் இந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம்.

இப்படி ஆறு தன் வாயில் கட்டும் நிலத்துக்குத்தான் கழிமுகம், டெல்டா என்ற பெயர்கள். உலகில் இன்று நாம் பார்க்கும் டெல்டாக்கள் பெரும்பாலும் எட்டாயிரம் ஆண்டுகளுக்குள் தோன்றியவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் கரையிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகக் கடல் ஏறியது. ஏற்றம் ஓய்ந்து கடல்மட்டம் ஓரளவு நிலைத்த பிறகுதான் ஆறுகளால் ஒரே இடத்தில் மண்ணைக் குவிக்க முடிந்தது. கடல் கொண்ட ஊர்களைப் பற்றிப் பேச நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆறு கடலிடமிருந்து பிடுங்கித் தந்த ஊர்களைப் பற்றிப் பேசத்தான் ஆளைக் காணோம்.

ஊர் மாறிய துறைமுகம்

இதெல்லாம் ஊகமா என்று மருமகன் கேட்டான். தேர்வுக்குப் படிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு ஒன்று, பாண்டிய நாட்டின் 'கொல்கை'யில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் புவியியல் நூல் எழுதிய தாலமியும் அதே பெயரைக் குறிக்கிறார். சங்கப் பாடல்களில் கொற்கை முத்து திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் 'கொல்கை' இந்தக் கொற்கைதான் என்று எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல். மொழி ஆராய்ச்சிக்காக அறியப்பட்ட அவர் 1870களில் இங்கே மண்ணையும் தோண்டிப் பார்த்தார். வண்டலுக்குக் கீழே கடற்சிப்பிகள் கிடந்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. அங்கே எடுத்த கரியின் கார்பன் காலக்கணக்கு கி.மு. 785ஐ ஒட்டி வந்தது. பக்கத்திலேயே அக்கசாலை என்றொரு ஊர் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன் வேலை நடக்கும் இடம், நாணயம் அடிக்கும் இடம். துறைமுகம் போன பிறகும் பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

ஆற்றில் சற்று மேலே போனால் இன்னும் பழைய சங்கதிகள். பஸ் ஆதிச்சநல்லூரைத் தாண்டிப் போகும்போதே அங்குள்ள பறம்பை, அதாவது மேட்டு நிலத்தை, காட்டினேன். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் முதலில் தோண்டிய இடம். பின்னர் அலெக்சாண்டர் ரீ இறந்தவர்களைப் புதைத்த தாழிகளையும் பொன் பட்டங்களையும் எடுத்த இடம். அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வு முடிவு வந்ததை 2021இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். பயிர் விளையாத பறம்பில் இறந்தவர்களைப் புதைத்துவிட்டு, வண்டல் படிந்த பள்ளத்தில் நெல் விதைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். நல்ல நிலத்தை வீணாக்காத ஊர்.

காயல் மேடேற, கப்பல்காரர்கள் தண்ணீரைத் தேடிக் கிழக்கே நகர்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தபோது பெரிய துறைமுகம் கொற்கை இல்லை, 'காயல்'. ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்ததாக எழுதுகிறார். அந்தக் காயல் பழையகாயலே என்றார் கால்டுவெல். காயல்பட்டினம் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் இன்று பழையகாயலும் கடலோரம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் புன்னைக்காயலில் தங்கினார்கள். பிறகு தூத்துக்குடியே பெரிதாயிற்று. 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கொற்கையும் காயலும் செத்தபோது தூத்துக்குடி மட்டும் எப்படிப் பிழைத்தது? அங்கே பெரிய ஆறு எதுவும் கலக்கவில்லை. மேடேற்ற மண் வருவது குறைவு. முன்னால் தீவுகள் வேறு காற்றைத் தடுக்கின்றன. ஆற்றால் வளர்ந்த துறைமுகம் ஆற்றாலேயே அழிந்தது. ஆற்றிலிருந்து விலகி நின்ற துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்போதும் ஆறு அதே வேகத்தில் நிலம் கட்டுகிறதா? இல்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மேலேயே மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆனால் பழைய குணம் எப்போதாவது தலைகாட்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் படிந்த சேற்றை அள்ளிக் கொட்டியவர்களுக்கு, டெல்டா எப்படி உருவாகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முத்து எப்படி உண்டாகிறது

இனிக் கடலுக்குள். முத்துச்சிப்பிக்குள் மணல் துகள் விழுந்தால் முத்தாகும் என்று என் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். மருமகனின் வழிகாட்டி நூலும் அதையே சொல்கிறது. மணல் சூழ்ந்த கடலடியில் வாழும் பிராணிக்கு மணல் ஒரு பொருட்டா? வாய்க்குள் வந்தால் துப்பிவிடும்.

சிப்பி ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு போர்வைபோல் படர்ந்திருக்கிறது. ஓட்டைச் சுரந்து வளர்ப்பது அதன் வேலை. ஒட்டுண்ணிப் புழு துளைத்தாலோ காயம் பட்டாலோ அந்தப் போர்வையின் சில செல்கள் சதைக்குள் தள்ளப்பட்டுவிடும். இடம் மாறினாலும் அவற்றுக்குத் தெரிந்தது ஒரே தொழில். சிறு பை போலச் சூழ்ந்துகொண்டு, கால்சியம் கார்பனேட்டையும் புரதத்தையும் அடுக்கடுக்காகச் சுரந்துகொண்டே இருக்கும். ஓட்டின் உள்பக்கப் பளபளப்பும் முத்தின் பளபளப்பும் ஒரே சரக்கு. வெளியே கட்ட வேண்டிய சுவரைக் கொத்தனார் தவறிப்போய் வீட்டுக்குள் உருண்டையாகக் கட்டிவிட்டார். அதற்கு நாம் பொன் விலை கொடுக்கிறோம். அடுக்குகள் மிக மெல்லியவை என்பதால் ஒளி பல தளங்களில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலக்கிறது. முத்தின் நீரோட்டம் என்று நகைக்கடையில் சொல்வது அந்தக் கலப்பை.

முத்துச்சிப்பி ஆற்று வாயில் வாழாது. சேறு அதை மூச்சடைக்க வைத்துவிடும். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ள பாறைத் திட்டுகளில் நூல் போன்ற இழைகளால் ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருக்கும். அந்தத் திட்டுக்குப் பரதவர் மொழியில் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தோலாயிரம் பார் பேர்போனது. நிலத்தில் ஊருக்கு ஊர் வயலுக்குப் பெயர் இருப்பதுபோல், கண்ணுக்குத் தெரியாத கடலடியில் ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்து, கரையின் அடையாளங்களை வைத்தே அதன் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

குளிப்பவர் ஒரு கல்லில் கால் வைத்துக்கொண்டு இறங்குவார். கல் அடியில் சேர்க்கும். மூச்சு தாங்கும் ஒரு நிமிடம் போலச் சிப்பிகளை வலைப்பைக்குள் அள்ளுவார். கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்குவார். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று கடலோரத்தில் ஒரு பேச்சு உண்டு. தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விட மாட்டான் அல்லவா? இதைச் சொன்னபோது என் மருமகன் என்னையும் அவன் அப்பாவையும் மனதுக்குள் ஒரு முறை எடை போட்டான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு உத்தியோகம் இருந்தது: கடற்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் கரையில் இல்லாவிட்டால் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்கள். எதற்கெடுத்தாலும் கணக்குக் கேட்ட ஆங்கிலேய அரசும் வேறு வழியில்லாமல் அவருக்குப் பங்கு கொடுத்தது. அள்ளிய சிப்பியை அங்கேயே உடைக்க மாட்டார்கள். மூடிய சிப்பியை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது; சுத்தமான சூதாட்டம். வாங்கியவர் அவற்றை வெயிலில் அழுகவிட்டு, சதையைக் கழுவி முத்தைத் தேடுவார். அந்த நாற்றத்தை வெள்ளைக்கார அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிப்பி ஆண்டுதோறும் கிடைக்கும் பயிர் இல்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு பாரே வெறுமையாகக் கிடக்கும். கடைசியாகத் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதே ஊரில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் ஓர் உருண்டையையும் போர்வைச் சவ்வின் துண்டு ஒன்றையும் பொருத்தி, இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தைச் செய்துகாட்டினார்கள். தற்செயலாக நடப்பதைத் தெரிந்தே செய்வது, அவ்வளவுதான்.

சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கு சிப்பியின் உறவு என்றாலும் ஒற்றை ஓடு உள்ளது, நத்தை வகை. கொற்கையில் அறுபட்டுக் கிடந்த சங்கின் தொழில் பிற்காலத்திலும் தொடர்ந்தது. தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் வளையலானது. வலம்புரிச் சங்கு மிக அரிது, கிடைப்பதெல்லாம் இடம்புரி. ஆனால் அறிவியல் நூலைத் திறந்தால் நம் வலம்புரிக்கு 'இடச்சுழி' என்று பெயரிட்டிருப்பார்கள். யாரும் தவறு செய்யவில்லை. அவர்கள் சங்கின் கூர்ச்சுருளை மேலே வைத்து, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். பிடித்த கை மாறினால் பக்கம் மாறும்.

எந்த மாவட்டம்?

பாரின் மேல் உரிமை யாருக்கு என்ற கேள்வியில் அரசியல் வந்துவிடுகிறது. பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், கம்பெனி என்று கரையை ஆண்டவர் எல்லாருக்கும் முத்தில் கண். சலுகைகளையே 'இத்தனை கல்' என்று அளந்தார்கள். கல் என்றால் குளிப்பவர் காலில் வைத்து இறங்கும் அந்தக் கல். மதுரை நாயக்கருக்கும் கோயில்களுக்கும் அப்படிக் கற்கள் ஒதுக்கப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் பிடித்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. கடலுக்குள் இறங்கியவருக்கு மூன்றில் ஒன்று.

இன்று கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரம். அதற்கு அப்பால் ஒன்றிய அரசு. இலங்கையோடு எல்லை வகுத்த ஒப்பந்தங்களில் 1974ஐ எல்லாரும் அறிவார்கள், கச்சத்தீவால். மன்னார் வளைகுடாவில் கோடு கிழித்தது 1976ஆம் ஆண்டு ஒப்பந்தம். தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

1986ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுதான் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அந்தத் தீவுகளில் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குச்சல்லி அவற்றில் ஒன்று. அலையைத் தாங்கிக்கொண்டிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள்; தடுப்பு போனதும் மணல் கரைந்தது. ஆற்று வாயில் நிலம் வளர்ந்த அதே கடலில், வடக்கே சில மைல் தள்ளி நிலம் கரைந்திருக்கிறது.

அதே 1986 அக்டோபர் 20ஆம் தேதி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தூத்துக்குடி மாவட்டமானது. கம்பெனிக்காரர்கள் 1790இல் அமைத்த திருநெல்வேலி, 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டையைப் பெற்றது. 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசியைப் பிரித்துக் கொடுத்தபோது செங்கோட்டையும் சேர்ந்து போனது. இதனால் பழைய வழிகாட்டி நூல்களை நம்பிப் படிப்பவர்களுக்குப் பெரிய தொல்லை. குற்றாலம் எந்த மாவட்டம்? பழைய விடை திருநெல்வேலி, இன்று தென்காசி. பாரதி பிறந்த எட்டயபுரம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு, வ.உ.சி.யின் ஒட்டப்பிடாரம், ஆதிச்சநல்லூர், கொற்கை எல்லாம் திருநெல்வேலிச் சீமை என்று நாங்கள் இன்றும் பெருமை பேசுவோம். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும். எல்லாம் தூத்துக்குடி மாவட்டம். தாமிரபரணி முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் ஓடுகிறது என்ற பழைய வாக்கியத்தையும் அடித்துவிட வேண்டியதுதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடல் சேரும் ஆறு என்பது மட்டும் இன்னும் செல்லுபடியாகும்.

திரும்பி வரும்போது மருமகன் குளத்தங்கரைக் களிமண் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் அதைக் கரைத்து, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டிக் கல்லுப்பைப் போட்டுக் கலக்கி ஜன்னல் திட்டில் வைத்தான். இரவு முழுவதும் எழுந்து எழுந்து பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. காலையில் உப்புத் தம்ளரில் அடியில் ஒரு விரற்கடை வண்டல், மேலே தெளிந்த தண்ணீர். மற்றது அப்படியே தேநீர் நிறத்தில் நின்றது. அவன் கைப்பேசியில் படம் எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்த என் தங்கை, இரண்டையும் வாழைக்கு ஊற்றப் போனாள். உப்புத் தண்ணீரை வாழைக்கு ஊற்றாதே அம்மா என்று மாடிப்படியில் ஓடினான்.